வேலை கிடைச்சாச்சு, அப்புறம்? மாற்றுத்திறனாளி நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு இடது கால் போலியோ, கேலிப்பர் போட்டு நடப்பேன். கோயம்புத்தூர்ல பம்ப்செட் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ்ல 19 வருஷமா இருக்கேன், அதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாத்தாச்சு. ஆறு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணுக்கு அடையாள அட்டை வாங்க கூட போனேன், அவ என் நம்பரை நாலு பேருக்கு குடுத்து, அவங்க நாப்பது பேருக்கு குடுத்து, இப்ப சாயங்காலம் சாம்பார் கொதிக்கிற நேரம் பாத்து கரெக்டா போன் வரும்.

முதல் போன்ல எல்லாரும் வேலை கிடைக்குமான்னுதான் கேப்பாங்க. கிடைச்சு ஆறு மாசம் கழிச்சு அதே ஆளு கூப்பிடுவாங்க, ஆனா குரல் வேற மாதிரி இருக்கும், சந்தோஷமா ஆரம்பிச்சு "அது வந்துக்கா..."ன்னு இழுப்பாங்க. அந்த ரெண்டாவது போன்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கதான் இது. கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஊர், கம்பெனி எல்லாம் எடுத்துட்டேன்.

1. வேலை திருப்தின்னா என்னக்கா? ஒண்ணாந்தேதி சம்பளம் வந்தா போதாதா?

சம்பளம் முக்கியம்தான், இல்லங்கல. ஆனா இதை ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப காலமாவே அஞ்சா பிரிச்சுப் பாக்குறாங்க: பண்ற வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேல இருக்கிறவங்க, கூட இருக்கிறவங்க. 1969ல வந்த ஜாப் டிஸ்க்ரிப்டிவ் இன்டெக்ஸ்ங்கிற கேள்வித்தாள் இந்த அஞ்சைத்தான் அளக்குது. நான் எனக்கே போட்டுப் பாத்தேன், அஞ்சுக்கு எவ்வளவுன்னு. வேலை 4, சம்பளம் 3, மேலாளர் 4, கூட இருக்கிறவங்க 5, பதவி உயர்வு ஒண்ணரை. மொத்தமா "திருப்தியா இருக்கியா"ன்னு யாராவது கேட்டா "ம், பரவால்ல"ன்னு சொல்லிட்டு போயிருப்பேன், பிரிச்சுப் பாத்தப்பதான் அந்த ஒண்ணரை கண்ணுல பட்டுச்சு.

இன்னொரு விஷயம் சொல்றேன். வேலை திருப்தியை அளக்க உலகம் பூரா பயன்படுத்துற இன்னொரு கேள்வித்தாள் மின்னசோட்டா கேள்வித்தாள், 1967ல வந்தது. அதை எழுதினது யாருன்னா, மாற்றுத்திறனாளிகளை எப்படி வேலையில அமர்த்துறது, அமர்ந்தப்புறம் எப்படி நிலைக்கிறாங்கன்னு மின்னசோட்டா யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த குழு. அதாவது நம்மளை மாதிரி ஆளுங்களுக்காக ஆரம்பிச்ச வேலைலருந்து பொறந்த கேள்வித்தாளை இப்ப எல்லா கம்பெனி எச்ஆரும் எடுத்து வச்சுக்கிட்டு நம்மகிட்ட மட்டும் கேக்க மறந்துடுறாங்க. அந்தக் குழு ரெண்டு பக்கமும் பாத்தாங்க, ஊழியர் வேலைக்கு சரிப்பட்டு வர்றாரா, வேலை ஊழியருக்கு சரிப்பட்டு வருதா. நம்ம விஷயத்துல எல்லாரும் முதல் கேள்வியோட நிறுத்திக்கிறாங்க.

2. வேலை கிடைச்சதே பெரிசு, இதுல திருப்தி வேறயான்னு எங்கப்பா கேக்குறாரு. நான் பேராசைப்படுறேனாக்கா?

உங்கப்பா பயத்துல சொல்றாரு, அதுல அர்த்தம் இருக்கு. 2011 சென்சஸ்ல இந்தியாவுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிங்க, அதுல ஏதோ ஒரு வேலை பாக்குறவங்க 36 சதவீதம்தான், பொம்பளைங்க மட்டும் எடுத்தா 23. அவரு வாழ்க்கை பூரா பாத்தது அந்த வேலையில்லாத பக்கத்தைத்தான். அதனால உங்களுக்கு ஐடி கார்டு மாட்டி அனுப்புறப்ப அவருக்கு அதுவே போதும்.

ஆனா வேலை குடுத்தாங்களேங்கிற நன்றி வேற, அந்த வேலையில திருப்தி வேற. இது ரெண்டும் கலந்துபோறதுனாலதான் சர்வேயில நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் 5 போட்டுட்டு வந்து ராத்திரி எனக்கு போன் பண்ணி அழுவாங்க. இது நமக்கு மட்டும் நடக்கிறதில்ல. ஆண்ட்ரூ கிளார்க்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 1997ல பிரிட்டன் கணக்கை வச்சு ஒண்ணு எழுதினாரு, பொம்பளைங்களுக்கு சம்பளம் கம்மி, வாய்ப்பு கம்மி, ஆனா வேலை திருப்தி மட்டும் ஆம்பளைங்களை விட ஜாஸ்தியா காட்டுது, ஏன்னு. எதிர்பார்ப்பே கம்மியா வச்சிருந்ததுதான் காரணம்னு அவரு சொன்னாரு, சின்ன வயசு பொண்ணுங்க, நல்லா படிச்ச பொண்ணுங்ககிட்ட அந்த வித்தியாசம் இல்ல. நம்ம கதையும் கிட்டத்தட்ட அதான். நீங்க படிச்சிருக்கீங்க, அதனால எதிர்பார்க்குறீங்க, அப்பாகிட்ட "நன்றி இருக்குப்பா, ஆனா லீவு லெட்டர் குடுத்தா மூஞ்சில அடிக்கிற மாதிரி பேசுறாங்கப்பா"ன்னு ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க.

3. நம்மளுக்கு எங்க போனாலும் திருப்தி கம்மியாத்தான் இருக்கும், உடம்பு அப்படின்னு என் மாமா சொல்றாரு, நெசமா?

உடம்பு வலி இருக்கிறவங்களுக்கு அன்னன்னைக்கு எரிச்சல் வரும், அது உண்மை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல என் கேலிப்பர் தொடையில உரசுறப்ப யாரு வவுச்சர் கொண்டாந்தாலும் எனக்கு கோவம்தான் வரும். ஆனா மொத்தத்துக்கும் அதைக் காரணம் சொல்றது தப்பு.

அமெரிக்காவுல லிசா ஷர், டக்ளஸ் க்ரூஸ் இவங்க குழு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 14 கம்பெனி, கிட்டத்தட்ட 30,000 ஊழியர்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு சராசரியா சம்பளம் கம்மி, வேலை நிலைக்கும்ங்கிற நம்பிக்கை கம்மி, டிரெய்னிங் கம்மி, முடிவு எடுக்கிறதுல பங்கு கம்மி, கம்பெனி மேல அபிப்பிராயமும் கம்மி. இது வரைக்கும் உங்க மாமா சொன்னது சரி. ஆனா அதே ஆய்வுல, எந்த இடத்துல எல்லா ஊழியர்களும், கவனிங்க எல்லாரும், "இங்க நியாயமா நடத்துறாங்க, சொன்னா காது குடுத்து கேக்குறாங்க"ன்னு சொன்னாங்களோ அங்க இந்த அபிப்பிராய வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. உடம்பு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே.

இதுலருந்து நான் எடுத்துக்கிட்டது என்னன்னா, புது இடத்துக்கு போறப்ப "மாற்றுத்திறனாளிங்களை எப்படி நடத்துவீங்க"ன்னு கேக்குறதை விட வாட்ச்மேன், ஹவுஸ்கீப்பிங் அம்மா இவங்களை எப்படி நடத்துறாங்கன்னு ரிசப்ஷன்ல பத்து நிமிஷம் உக்காந்து பாக்குறது உபயோகம்.

4. ரீசனபிள் அக்காமடேஷன்னு சொல்றாங்களே, அது ஏதாவது அலவன்ஸா?

இல்லைங்க, காசு கையில வராது. நீங்க மத்தவங்க மாதிரி வேலை பாக்குறதுக்கு தேவையான மாத்தம், கம்பெனிக்கு தாங்க முடியாத பாரம் ஆகாத அளவுக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே இதுக்கு விளக்கம் இருக்கு.

பெரிசா லிஃப்ட், ரேம்ப்னு நினைச்சுக்கிறாங்க. எனக்கு நடந்ததை சொல்றேன். எங்க ஆபீஸ்ல பழைய பில் ஃபைல் எல்லாம் ரேக்ல மேல் தட்டுல, எட்டி எடுக்க குதிகாலை தூக்கணும், எனக்கு அது நடக்காது, ஆபீஸ் பையனை கூப்பிடணும், அவன் டீ வாங்க போயிருப்பான், ஆடிட்டர் எதிர்ல உக்காந்து பேனாவை தட்டிட்டு இருப்பாரு. மூணு வருஷம் இப்படி. ஒரு நாள் புது மேனேஜர் வந்து "நடப்பு வருஷ ஃபைல் கீழ் தட்டு, பழசு மேல் தட்டு, அவ்வளவுதானே"ன்னாரு. ஒரு மத்தியானம் மாத்தி அடுக்கினோம், செலவு சுத்தமா இல்ல. எனக்கு அன்னைக்கு சந்தோஷத்தை விட கோவம் ஜாஸ்தி, மூணு வருஷம் ஏன் வாயத் தொறக்கலைன்னு என் மேலயே. அமெரிக்காவுல ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க்னு ஒண்ணு வருஷக்கணக்கா முதலாளிங்ககிட்ட கேட்டு கணக்கெடுக்குறாங்க, இந்த மாதிரி மாத்தங்கள்ல ஏறக்குறைய பாதிக்கு செலவே ஆகலைன்னுதான் வருது.

5. கேட்டா "இவனால தொல்லை"ன்னு தூக்கிருவாங்களோன்னு பயமா இருக்குக்கா. எப்படித்தான் கேக்குறது?

பயம் எல்லாருக்கும் உண்டு. என் அனுபவத்துல கஷ்டத்தை மட்டும் சொல்லி நிறுத்தினா எதிர்ல இருக்கிறவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம பரிதாபப்பட ஆரம்பிச்சுடுவாங்க, பரிதாபம் வந்துட்டா அப்புறம் காரியம் நடக்காது. அதனால எது தடுக்குது, என்ன மாத்தணும், மாத்தினா வேலைக்கு என்ன லாபம், இந்த மூணையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. பார்வையில்லாத ஒரு தம்பி "எனக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் படிக்க கஷ்டமா இருக்கு சார்"னு மூணு தடவை சொல்லி ஒண்ணும் நடக்கல. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து இப்படி எழுதினோம்: "ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பை என் ஸ்கிரீன் ரீடர் (திரையில இருக்கிற எழுத்தை சத்தமா வாசிக்கிற சாப்ட்வேர்) படிக்காது, அதுக்கு அது வெறும் படம். அதே ஸ்டேட்மென்ட்டை எக்செல்ல டவுன்லோடு பண்ணி அனுப்பினா மத்தியானத்துக்குள்ள நானே டேலி பண்ணிடுவேன்." ரெண்டு நாள்ல வந்துடுச்சு.

நேர்ல பேசுங்க, ஆனா பேசினதை அன்னைக்கே ஒரு மெயிலா போட்டுடுங்க, "இன்னைக்கு பேசினபடி"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி போதும். சண்டைக்கு இல்ல, மேனேஜர் மாறிப்போனா புதுசா வர்றவருக்கு காட்ட.

6. வெளில பாத்தா தெரியாத பிரச்சனை எனக்கு. இன்டர்வியூல சொல்லணுமா?

இதுல எனக்கே ஒரே பதில் கிடையாது. என் கால் எனக்கு முன்னாடியே ரூமுக்குள்ள போயிடும், மறைக்கிற பேச்சே இல்ல, அதனால உங்க தவிப்பு எனக்கு முழுசா புரியும்னு சொன்னா பொய். காது பாதி கேக்கிறவங்க, வலிப்பு இருக்கிறவங்க, மனநோய்க்கு மாத்திரை எடுக்கிறவங்க இவங்கதான் இதை ஜாஸ்தி கேக்குறாங்க. 2016 சட்டத்துல 21 வகை இருக்கு, மனநோய், கற்றல் குறைபாடு, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உண்டு, பழைய 1995 சட்டத்துல 7தான். ஆனா ஒதுக்கீடு மாதிரி சலுகைங்களுக்கு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்டிபிகேட் வேணும். யுடிஐடி கார்டுல, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைல, நிறத்தை பாத்தாலே தெரியும், 40க்கு கீழ வெள்ளை, 40லருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும் நீலம்.

நான் சொல்றது, வேலை பண்ண ஏதாவது மாத்தம் தேவைப்படும்னா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தப்புறம், சேர்றதுக்கு முன்னாடி சொல்லுங்க. தேவையே இல்லைன்னா நீங்களா போய் சொல்லணும்னு இல்ல. ஆனா மறைக்கிறதுக்கும் ஒரு விலை இருக்கு. வலது காது கேக்காத ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் மீட்டிங்ல எந்த சீட்ல உக்காரணும்னு கணக்கு பண்ணி பத்து நிமிஷம் முன்னாடியே போய் உக்காந்துக்குவா, சாயங்காலம் ஆனா தலைவலி, வேலையில திருப்தி இல்லைன்னு எனக்கு போன். வேலை நல்ல வேலைதான், அவளுக்கு மறைக்கிறதுலயே பாதி நாள் போயிட்டு இருந்துச்சு.

7. இந்த சட்டமெல்லாம் பிரைவேட் கம்பெனிக்கு பொருந்துமா, கவர்மென்ட்டுக்கு மட்டும்தானா?

பாதி பாதி. 4 சதவீத ஒதுக்கீடு கவர்மென்ட்டுக்கு மட்டும்தான். வேலையில பாரபட்சம் பாக்கக்கூடாது, ஊனத்தை வச்சு மட்டும் பதவி உயர்வு மறுக்கக்கூடாது, இதெல்லாம் இருக்கிற 20ஆவது பிரிவும் கவர்மென்ட் நிறுவனம்னுதான் பேசுது. ஆனா 21ஆவது பிரிவுப்படி சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணை எல்லா நிறுவனமும் வெளியிடணும், பிரைவேட்டும் சேத்து. 2017 விதிகள்படி 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற பிரைவேட் கம்பெனியா இருந்தா அந்தக் கொள்கையில என்ன வசதி இருக்கு, எந்த வேலைங்க நமக்கு ஏத்தது, இதைப் பாத்துக்க யாரு தொடர்பு அதிகாரின்னு எல்லாம் இருக்கணும். எச்ஆர்கிட்ட "ஈக்வல் ஆப்பர்சூனிட்டி பாலிசி எங்க இருக்குங்க"ன்னு சாதாரணமா கேட்டுப் பாருங்க, நிறைய இடத்துல நீங்க கேட்டப்புறம்தான் தேடவே ஆரம்பிப்பாங்க.

ஒண்ணும் நடக்கலைன்னா மாற்றுத்திறனாளிகள் நல மாநில ஆணையருக்கு எழுதலாம், சென்னையில இருக்கு. ஆளைக் கூப்பிட்டு ஆவணம் கேட்டு விசாரிக்கிற விஷயத்துல சிவில் கோர்ட்டோட அதிகாரம் உண்டு, ஆனா கடைசில வர்றது பரிந்துரை. பரிந்துரை போன இடம் 3 மாசத்துக்குள்ள என்ன பண்ணினோம்னு சொல்லணும், ஏத்துக்கலைன்னா காரணம் சொல்லணும். அங்க போறப்ப 5வது பதில்ல சொன்ன அந்த "இன்னைக்கு பேசினபடி" மெயிலுங்க கையில இருந்தா பேச்சு சுருக்கமா முடியும்.

8. "கோட்டால வந்தவன்"னு காதுபட பேசுறாங்க. நல்லா வேலை பாத்தும் மனசு ஒட்டமாட்டேங்குது.

பேசுறவங்களுக்கு கோட்டான்னா பரீட்சை எழுதாம உள்ள வந்தோம்னு நினைப்பு. 4 சதவீதம்னா பார்வைக்கு 1, காதுக்கு 1, கை கால் குறைபாடு, பெருமூளை வாதம், குள்ளத்தன்மை, ஆசிட் வீச்சில பாதிச்சவங்க இவங்களுக்கெல்லாம் சேத்து 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்கிறவங்களுக்கு சேத்து 1. நூறு சீட்ல நாலு சீட்டு, அதுக்கு நமக்குள்ள நடக்கிற போட்டி என்னன்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும்.

பதவி உயர்வுலயும் ஒதுக்கீடு உண்டு. கேரளா போலீஸ் துறையில கருணை அடிப்படையில வேலைக்கு வந்த ஒரு மாற்றுத்திறனாளி பெண் பதவி உயர்வுக்காக கோர்ட்டுக்கு போனாங்க, நீ முதல்ல ஊனமுற்றோர் கோட்டால வரலையேங்கிறது எதிர்த்தரப்பு வாதம். எப்படி உள்ள வந்தாங்கங்கிறது முக்கியமில்ல, ஒதுக்கீடு உண்டுன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கவர்மென்ட்ல இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, சீனியாரிட்டி லிஸ்ட் வர்றப்ப சும்மா கையெழுத்து போடாதீங்க.

பேச்சு விஷயம். ஒரு தடவை ரெண்டு தடவை கிண்டல்னா நேரா கண்ணைப் பாத்து "என்ன சொன்னீங்க, திரும்ப சொல்லுங்க"ன்னு கேளுங்க, பாதி பேர் அதோட அடங்கிடுவாங்க. நாலு பேர் முன்னாடி வேணும்னே கேவலப்படுத்தினா அது 2016 சட்டத்தோட 92ஆவது பிரிவுல தண்டனைக்குரிய குற்றம், 6 மாசத்துலருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். போலீசுக்கு போங்கன்னு உசுப்பேத்துறதுக்காக சொல்லல, இருக்குன்னு தெரிஞ்சா முதுகு கொஞ்சம் நிமிரும்.

9. எனக்கு வேலையே குடுக்க மாட்டேங்குறாங்கக்கா. சும்மா உக்கார வச்சு சம்பளம். குடுத்து வச்சவன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு பைத்தியம் பிடிக்குது.

எனக்கு வர்ற ரெண்டாவது போன்லயே ரொம்ப ஜாஸ்தி வர்றது இதுதான், கேக்குறப்ப எல்லாரும் வெக்கப்பட்டுக்கிட்டே கேப்பாங்க, சம்பளம் வாங்கிட்டு குறை சொல்றோமேன்னு. வெக்கப்படாதீங்க. 1வது பதில்ல மின்னசோட்டா கேள்வித்தாள்னு சொன்னேன்ல, அதோட சுருக்கமான வடிவத்துல 20 கேள்வி, அதுல முதல் கேள்வியே எப்பவும் வேலையா இருக்க முடியுதாங்கிறதுதான். சம்பளம் எல்லாம் அப்புறம்தான் வருது.

பார்வையில்லாத ஒரு தம்பி, எம்.காம். ஒரு பெரிய ஆபீஸ்ல சேந்தான், முதல் நாள் மாலை போட்டு போட்டோ. சீட் குடுத்தாங்க, கம்ப்யூட்டர் குடுத்தாங்க, ஸ்கிரீன் ரீடர் போடுறதுக்கு ஐடி டிபார்ட்மென்ட் பர்மிஷன் வேணும்னாங்க. அந்த பர்மிஷன் வர எட்டு மாசம். எட்டு மாசமும் அவன் காலைல ஒன்பதரைக்கு போய் உக்காந்து, பக்கத்து சீட்காரங்க கீபோர்டு தட்டுற சத்தத்தை கேட்டுக்கிட்டு, ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ் தொறந்து, அஞ்சரைக்கு எந்திரிச்சு வந்தான். யாரும் ஒரு வார்த்தை கடுமையா பேசல, டீ கூட சீட்டுக்கே வந்துடும். "சத்தத்தை வச்சே யாரு எவ்வளவு வேகமா டைப் பண்றாங்கன்னு சொல்லுவேன்க்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான், எனக்கு சாம்பார் அடி பிடிச்சதுகூட தெரியல. அந்த சாப்ட்வேர் என்விடிஏ, இலவசம், போடுறதுக்கு பத்து நிமிஷம்கூட ஆகாது.

என்ன பண்ணலாம்னா, "வேலை குடுங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, குடுக்குறவங்களுக்கு எதைக் குடுக்குறதுன்னு நெசமாவே தெரியாது. சுத்தி பாத்து யாருக்கு சுமை ஜாஸ்தின்னு கண்டுபிடிச்சு அதுல ஒரு துண்டை பேர் சொல்லி கேளுங்க. அந்த தம்பி வெண்டர்ங்களுக்கு போன் பண்ணி பாக்கி இன்வாய்ஸ் கேக்குற வேலையை தன்னோட செல்போன்லயே ஆரம்பிச்சான், அதை பண்றதுக்கு அந்த டிபார்ட்மென்ட்ல யாருக்குமே பிடிக்காது. இப்ப வருஷக் கணக்கு முடிக்கிறப்ப அவனைத்தான் தேடுறாங்க.

10. எல்லாரும் "நீங்கதான் எங்களுக்கு இன்ஸ்பிரேஷன்"ங்கிறாங்க. எரிச்சலா வருது, சொல்லவும் முடியல.

எனக்கும் வரும். டிசம்பர் 3 வந்தா போதும், மாற்றுத்திறனாளிகள் தினம், ஒரு சால்வை, ஒரு கேக், முதலாளி பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ. ஒரு வருஷம் கேக் வெட்ட கூப்பிட்ட இடம் முதல் மாடி, லிஃப்ட் அன்னைக்கு ரிப்பேர், நான் படி ஏறிப் போனதுக்கு கை தட்டுனாங்க.

பாராட்டு வேலைக்கு வந்தா வாங்கிக்கலாம். "ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல நீங்க பிடிச்ச தப்பு பெரிய தொகை"ன்னா அது பாராட்டு. ஆபீசுக்கு வந்ததுக்கே பாராட்டினா நம்மகிட்ட எதிர்பார்க்கிறது அவ்வளவுதான்னு அர்த்தம், அப்ரைசல்லயும் அதுதான் வரும், வாய் நிறைய பாராட்டு, கையில இன்கிரிமென்ட் கம்மி. அதனால அப்படி சொல்றவங்ககிட்ட நான் சிரிச்சுக்கிட்டே "நன்றி, அந்த ரிப்போர்ட் பாத்தீங்களா"ன்னு கேட்டுடுவேன்.

11. நான் டீம் லீட். என் டீம்ல காது கேக்காத பையன், மீட்டிங்ல பொம்மை மாதிரி உக்காந்திருக்கான். சந்தோஷமா இருக்கியான்னு எழுதிக் கேட்டா ஓகேன்னு எழுதுறான்.

ஓகேன்னுதான் எழுதுவான், 2வது பதிலைப் பாருங்க. நீங்க இதைக் கேட்டதே நல்லது. மீட்டிங்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, பத்து பேர் ஒரே நேரத்துல பேசி சிரிக்கிறாங்க, அவன் பக்கத்து ஆளைப் பாத்து என்னன்னு கேட்டா "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்"னு கையை ஆட்டுவாங்க. அந்த அப்புறம் வரவே வராது.

என்ன பேசப்போறோம்னு முந்தின நாளே எழுதி அனுப்புங்க. ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் அடுத்தவர், பேசுறதுக்கு முன்னாடி கை தூக்கணும், வெளிச்சம் மூஞ்சில விழுற மாதிரி உக்காருங்க. ஆன்லைன் மீட்டிங்னா கேப்ஷன் ஆன் பண்ணுங்க, ஆனா நம்ம தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுறதுக்கு அது தடுமாறும், அதனால ஒருத்தர் சாட்ல முக்கியமானதை டைப் பண்ணட்டும். டெல்லில இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 10,000 சொல்லுக்கு வீடியோ அகராதியே போட்டிருக்காங்க, டீம்ல நாலு பேர் தினம் ரெண்டு சைகை கத்துக்கிட்டா போதும். நிறைய பேர் மறக்குறது, அவனுக்கு எழுத்துத் தமிழும் இங்கிலீஷும் ரெண்டாவது மொழி மாதிரி, அதனால மெயில்ல வாக்கியம் முன்ன பின்ன இருந்தா அறிவு கம்மின்னு எடுத்துக்காதீங்க.

12. வேலையில இருக்கிறப்ப ஆக்சிடென்ட்ல கால் போயிடுச்சு. திரும்ப எடுத்துக்குவாங்களா? எடுத்தாலும் முன்ன மாதிரி இருக்குமா?

கவர்மென்ட் வேலைன்னா உங்களை நீக்கவும் கூடாது, பதவியை இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியலைன்னா அதே சம்பளத்துல வேற வேலை, அப்படி வேலை இல்லைன்னா ஒண்ணு வர்ற வரைக்கும் இல்ல ஓய்வு பெறுற வரைக்கும் உங்களுக்குன்னு தனியா ஒரு இடம் உண்டாக்கி வச்சிருக்கணும். 20ஆவது பிரிவுலயே இருக்கு. பழைய சட்டத்துலயும் இருந்துச்சு, டூட்டில அடிபட்டு காலை எடுத்த ஒரு கான்ஸ்டபிளை மெடிக்கல் அன்ஃபிட்னு அனுப்பினப்ப 2003ல குணால் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. பிரைவேட்ல இந்த அளவுக்கு பாதுகாப்பு இல்ல, இஎஸ்ஐ இருந்தா வேலையில ஏற்பட்ட காயத்துக்கு பென்ஷன் மாதிரி மாசாமாசம் வரும், அதை முதல்ல பாருங்க.

முன்ன மாதிரி இருக்குமான்னா, எனக்கு முன்னன்னு ஒண்ணு கிடையாது, ரெண்டு வயசுலயே போலியோ. உங்களை மாதிரி நடுவுல வந்தவங்க முதல் ஒரு வருஷம் ஒவ்வொண்ணையும் பழைய நாளோட ஒப்பிட்டுப் பாக்குறாங்க, அப்ப எந்த வேலை குடுத்தாலும் கசக்கும். அந்த வருஷத்துல வேலையை விடுற முடிவு மட்டும் எடுக்காதீங்க.

13. வொர்க் ஃப்ரம் ஹோம் நமக்கு வரம்னு சொல்றாங்களே?

பஸ்சுல ஏறி இறங்குறதுலயே பாதி உயிர் போறவங்களுக்கு வரம்தான். வீல்சேர்ல இருக்கிற ஒரு பொண்ணு, ஆபீஸ்ல பாத்ரூம் வாசல் சின்னதுன்னு காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருந்து யூரின் இன்ஃபெக்ஷன் வந்து வந்து போச்சு. வீட்லருந்து வேலைன்னதும் அவளுக்கு முதல் சந்தோஷம் நாள்ல ரெண்டு லிட்டர் தண்ணி குடிக்கிறது. ஆனா ஒரு விஷயம், ரேம்ப் கட்டுறதுக்கு பதிலா உங்களை வீட்லயே வச்சுக்கலாம்னு கம்பெனி முடிவு பண்ணினா அது வேற கணக்கு. ஆபீஸ்ல டீ குடிக்கிற இடத்துலதான் புது ப்ராஜெக்ட் பேச்சு வரும், கண்ணுல படாதவங்க பேர் அப்ரைசல்ல ஞாபகத்துக்கு வராது. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாளாவது போக முடிஞ்சா போங்க.

போக்குவரத்து செலவு பத்தி ஒரு அக்கவுன்ட்ஸ்காரியா சொல்லிடுறேன். பார்வை, காது, கால் குறைபாடு இருக்கிற ஊழியருக்கு டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ்ல ஒரு தொகை வரைக்கும் வரி கிடையாது, புது வரி ரெஜிம்லயும் உண்டு, சம்பளத்துல அதை தனியா பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. பழைய ரெஜிம்ல இருந்தா இது போக வருமானத்துல 75,000 கழிவு, 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. சர்டிபிகேட்டை ஆபீஸ்ல குடுக்க கூச்சப்பட்டு இதை விட்டவங்க எத்தனையோ பேர்.

14. எல்லாம் கேட்டுப் பாத்தாச்சுக்கா. விட்டுடலாமா?

முதல்ல 1வது பதில்ல சொன்ன அஞ்சுக்கும் மார்க் போடுங்க, ஒரு நாள் போட்டு பிரயோஜனமில்ல, மேனேஜர் திட்டின அன்னைக்கு எல்லாத்துக்கும் முட்டைதான் வரும். மூணு மாசம், வாரா வாரம் வெள்ளிக்கிழமை, ஒரு டைரில. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா எது நிரந்தரமா கம்மின்னு தெரியும். வேலை, கூட இருக்கிறவங்க நல்லா இருந்து சம்பளம் மட்டும் கம்மின்னா இன்னும் ஒரு அப்ரைசல் பொறுக்கலாம். மேல இருக்கிறவர் மட்டும்னா வேற டிபார்ட்மென்ட் கேளுங்க. வேலையே குடுக்கலைன்னு 9வது கேள்வில இருக்கிற நிலைமை, பேர் சொல்லிக் கேட்டும் குடுக்கலைன்னா, அங்க இருக்க இருக்க கத்துக்கிட்டதும் மறந்துபோகும், வேற தேடுங்க.

நான் என்னோட முதல் வேலையை கோவத்துல விட்டேன். மாடிப்படிக்கு கைப்பிடி வைக்கச் சொல்லி நாலு தடவை கேட்டு, அஞ்சாவது தடவை வழுக்கி விழுந்து, மறுநாள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டேன். அனுபவ சர்டிபிகேட் வாங்கல, பிஎஃப் நம்பர்கூட குறிச்சுக்கல, அடுத்த வேலை கிடைக்க பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் வீட்ல "அப்பவே சொன்னோம்ல"தான். அதனால அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வராம பேப்பர் போடாதீங்க, போடுறப்ப நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சுக் குடுங்க, ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச பே ஸ்லிப், பிஎஃப் யுஏஎன் நம்பர் இதெல்லாம் ஆபீஸ் மெயில்லருந்து உங்க சொந்த மெயிலுக்கு வந்துடுச்சான்னு பாத்துக்கோங்க. புது இடத்துல சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய் பாத்ரூம் வாசலையும் படிக்கட்டையும் பாத்துட்டு வாங்க.